‘பாடம் இல்லாத’ மீன் விளையாட்டை ஏன் நீக்கினீர்கள்?

நாலேகால் வயது மகளின் அப்பா ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மனைவி காலையிலேயே அலுவலகம் போய்விடுகிறார். இவருக்கு வீட்டிலிருந்தே வேலை. பள்ளியில் சேர்க்க இன்னும் சில மாதங்கள் இருப்பதால் பகல் முழுக்க மகள் இவரோடுதான். ‘சும்மா கார்ட்டூன் பார்ப்பதற்கு எதையாவது கற்றுக்கொள்ளட்டுமே’ என்று பழைய லேப்டாப்பிலும் ஒரு டேப்லெட்டிலுமாக 14 கல்வி விளையாட்டுகளைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றிலும் ‘3+’ என்று இருந்ததாம். எண்கள் விளையாட்டில் 20 வரை எல்லாக் கட்டங்களையும் மகள் முடித்துவிட்டாள். ஆனால் படம் பொருத்தும் விளையாட்டில் யோசிக்காமல் எல்லாப் படங்களையும் மாற்றி மாற்றித் தட்டுகிறாள். ‘கவனக் குறைபாடாக இருக்குமோ?’ என்று பயப்படுகிறார். லேப்டாப்பில் மவுஸைப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் அழுகை. டேப்லெட்டைக் கையிலிருந்து வாங்கினால் அதைவிடப் பெரிய அழுகை. ஒருநாள் விளையாட்டின் நடுவே வந்த ஏதோ ஒரு பெட்டியை அவள் தட்டப்போய் இவருடைய கார்டிலிருந்து பணம் போய்விட்டது. உறவினர் வீட்டில் இதே வயதுக் குழந்தை ஒரு செயலியை வைத்தே ஆங்கில வார்த்தைகளை வாசிக்கிறதாம். மனைவியோ, ‘ஒன்றுமே வேண்டாம், கண் கெட்டுப்போகும்’ என்கிறார்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இரண்டு வரி: ‘மீன் வரைந்து தொட்டியில் நீந்தவிடுகிற விளையாட்டு ஒன்று இருந்தது. மீன்களுக்கு அத்தை, தாத்தா என்று பெயர் வைத்துப் பேசிக்கொண்டே இருப்பாள். பாடம் எதுவும் இல்லாததால் நீக்கிவிட்டேன்.’

நல்ல விளையாட்டுகள் எவை, எவ்வளவு நேரம் விடலாம், காசு கொடுத்து வாங்கினால் தரமாக இருக்குமா, மகளுக்கு ஏதாவது பிரச்சினையா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு தேவைகள் பின்னிக் கிடக்கின்றன. மகள் எதையாவது கற்க வேண்டும். அப்புறம், நீங்கள் வேலை பார்ப்பதற்கு அவள் ஒரு மணி நேரம் தன்பாட்டில் இருக்க வேண்டும். இரண்டாவதைச் சொல்லக் கூச்சப்பட்டு அதையும் ‘கல்வி’ என்றே எழுதிவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கூச்சம் வேண்டாம். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்கிற எல்லோருக்கும் உள்ள தேவைதான் அது. ஆனால் இரண்டையும் ஒரே விளையாட்டால் தீர்க்கப் பார்ப்பதால்தான் சிக்கல் வருகிறது. இந்த வயதில் திரையிலிருந்து பாடம் இறங்க வேண்டுமானால் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஆகவே அவள் கற்கிற நேரம் உங்களுக்கு ஓய்வு நேரமாக இருக்காது. உங்களுக்கு வேலை ஓடுகிற நேரத்தில் அவள் புதிதாக எதையும் கற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதிலிருந்து ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம். புதிய விளையாட்டு என்றால் எப்போதும் நீங்களும் கூட உட்காருங்கள். உங்களோடு விளையாடி நன்றாகப் பழகிய பிறகு அதே விளையாட்டை அவள் தனியாக விளையாடட்டும். உங்களுக்கு ஒரு மீட்டிங் இருக்கிறதா? பழகிய விளையாட்டு 20 நிமிடம், மீதி நேரத்துக்கு உங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே காகிதம், கிரேயான், மாவு உருண்டை, காலி அட்டைப்பெட்டி. ஒரு மணி நேரம் முழுவதையும் திரையே சுமக்க வேண்டாம்.

‘3+’ என்றால் என்ன?

நிறையப் பெற்றோர் இதில் ஏமாறுகிறார்கள். அந்தக் குறி, மூன்று வயதுக் குழந்தை பார்த்தால் பயப்படும்படியோ கெட்டுப்போகும்படியோ உள்ளே எதுவும் இல்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. மூன்று வயதுக் குழந்தையால் அதை விளையாட முடியும் என்றோ, விளையாடினால் எதையாவது கற்கும் என்றோ அதற்குப் பொருள் கிடையாது. பெரியவர்கள் ஆடுகிற சதுரங்கத்துக்கும் 3+ கிடைக்கும். ‘கல்வி’ என்ற தலைப்பு இன்னும் மோசம். விளையாட்டைச் செய்தவரே அதைப் போட்டுக்கொள்ளலாம். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைகளுக்காக அதிகம் டவுன்லோடு செய்யப்படும் 124 கல்விச் செயலிகளை எடுத்துக்கொண்டு, அவை குழந்தை கற்கும் விதத்துக்கு ஏற்றபடி இருக்கின்றனவா என்று மதிப்பெண் போட்டார்கள். பாதிக்கு மேல் குறைந்த மதிப்பெண்தான் வாங்கின.

அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் 2015-இல் கேத்தி ஹிர்ஷ்-பாசெக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வகுத்தது. குழந்தை விரலை மட்டும் ஆட்டாமல் மனதாலும் ஏதாவது செய்கிறதா? கவனத்தைக் கலைக்கும் சமாசாரங்கள் குறைவா? கற்பது அதன் அன்றாட வாழ்க்கையோடு ஒட்டுகிறதா? இன்னொரு மனிதரோடு பேசிப் பழக இடம் இருக்கிறதா? இந்த நான்கையும் ஞாபகம் வைத்துக்கொண்டு உங்கள் மீன் விளையாட்டை நினைத்துப் பாருங்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஐந்து பட்டன் பரிசோதனை

மகள் எண்களில் 20 வரை முடித்துவிட்டாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இன்று சாயங்காலம் ஒன்று செய்து பாருங்கள். ஒரு கிண்ணத்தில் பதினைந்து பட்டன்களைப் போட்டு, ‘எனக்கு அஞ்சு பட்டன் எடுத்துக் குடு’ என்று கேளுங்கள். நீங்கள் எண்ண வேண்டாம், கண்ணால் ஜாடை காட்டவும் வேண்டாம்.

ஒவ்வொன்றாக எடுத்து, ஐந்து வந்ததும் நிறுத்தினால் ‘ஐந்து’ என்பது ஓர் அளவு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கைப்பிடி அள்ளித் தந்தால், எண்களை அவள் பாட்டைப் போல வரிசையாகச் சொல்கிறாளே தவிர அவை இன்னும் அளவாக மாறவில்லை. மூன்றரையிலிருந்து நாலரை வயதுக்குள் பொதுவாக இது பிடிபடும். அதனால் அள்ளித் தந்தாலும் கவலைப்பட எதுவும் இல்லை. செயலி முடித்த கட்டங்களைக் கணக்கு வைத்துக்கொள்ளும். புரிந்ததை அதனால் கணக்கு வைக்க முடியாது.

என் அறையில் ஒரு மரப்பலகை இருக்கிறது. வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம் என்று குழிகள், அவற்றில் பொருந்தும் கட்டைகள். டேப்லெட்டில் இதே வடிவங்களைச் சரசரவென்று பொருத்திய ஒரு சிறுவன், கையில் முக்கோணக் கட்டையைக் கொடுத்ததும் திணறிவிட்டான். திரையில் முக்கோணம் சரியான பக்கம் பார்த்தபடியே வரும். அருகில் கொண்டுபோனால் தானாகவே ‘டக்’ என்று ஒட்டிக்கொள்ளும். மரக்கட்டையை அவன்தான் திருப்ப வேண்டும். மூன்று தடவை அழுத்திப் பார்த்தான், கட்டையை முறைத்தான், நான்காவது தடவை மெல்லத் திருப்பினான். உள்ளே விழுந்ததும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! திரையில் கற்றது கைக்கு அப்படியே வந்துவிடாது. சின்ன வயதில் இந்த இடைவெளி பெரிது. அதனால் எந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாலும் அதே சமாசாரத்தை வீட்டில் கையால் செய்ய ஒரு வழி தேடி வைத்துக்கொள்ளுங்கள். திரையில் நிறங்களைப் பிரித்தால், அப்புறம் துவைத்த காலுறைகளை ஜோடி சேர்க்கட்டும்.

கண்டபடி தட்டுவது குறைபாடா?

இல்லை. உங்கள் மகள் அந்த விளையாட்டின் விதியைக் கண்டுபிடித்துவிட்டாள். மூன்று படங்களில் ஒன்று சரி. தப்பாகத் தட்டினால் ஒன்றும் ஆகாது, சரியானதைத் தட்டினால் நட்சத்திரம். அப்படியானால் யோசிப்பதைவிட மூன்றையும் தட்டுவதுதான் சீக்கிரம் முடிகிற வழி. நாலேகால் வயதுக் குழந்தை இதைத் தானாகவே புரிந்துகொண்டது புத்திசாலித்தனம்தான். விளையாட்டை வடிவமைத்தவர் யோசிக்க அவசியமே வைக்கவில்லை.

அவளுடைய கவனத்தைப் பார்க்க வேண்டுமானால் திரைக்கு வெளியே பாருங்கள். கதை கேட்கும்போது, தண்ணீரில் விளையாடும்போது, எதையாவது அடுக்கும்போது பத்து நிமிடம் ஊன்றி இருக்கிறாளா? மீன்களோடு பேசிக்கொண்டே இருந்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரியே நிம்மதி தந்தது. கடிதத்தை மட்டும் வைத்து நான் எதையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் இந்த வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, நான்கு வார்த்தை சேர்த்துப் பேசாதது, வெளியாட்களுக்குப் பேச்சு பெரும்பாலும் புரியாமல் இருப்பது, பாவனை விளையாட்டே இல்லாதது, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.

பத்து நிமிடத்தில் ஒரு விளையாட்டை எடைபோட

முதலில் நீங்கள் தனியாக விளையாடிப் பாருங்கள். வேண்டுமென்றே தப்பாகச் செய்யுங்கள். வெறுமனே ‘டொய்ங்’ என்று சத்தம் போட்டுவிட்டு நிற்கிறதா, அல்லது ஏன் தப்பு என்று காட்டி இன்னொரு வாய்ப்புத் தருகிறதா? பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள். நல்ல விளையாட்டு காத்திருக்கும். மோசமானது கண்ணைச் சிமிட்டி, அம்புக்குறி காட்டி, மணியடித்து அவசரப்படுத்தும்.

பரிசு எவ்வளவு பெரியது என்பதையும் பாருங்கள். ஓர் எழுத்தைத் தொட இரண்டு விநாடி ஆகிறது. தொட்டதும் பட்டாசு, பலூன், ஆடும் கரடி என்று பதினைந்து விநாடி போகிறது. குழந்தை அங்கே எதற்காகத் தொடுகிறது என்று யோசியுங்கள். அடுத்தது, இதற்கு முடிவு என்று ஒன்று இருக்கிறதா? ஒரு படம் முடிந்தது, ஒரு புதிர் முடிந்தது என்று நிற்க இடமுள்ள விளையாட்டைத்தான் அழாமல் நிறுத்த முடியும். முடியவே முடியாமல் அடுத்தது, அடுத்தது என்று ஓடுகிறவற்றைத் தயங்காமல் நீக்குங்கள்.

அதற்கு அப்புறம் மகளை விளையாடவிட்டு, நீங்கள் திரையைப் பார்க்காமல் அவள் வாயைப் பாருங்கள். பேசுகிறாளா? ‘அப்பா, இது ஏன் இப்படிப் போகுது?’ என்று கேட்கிறாளா? தனக்குள் முணுமுணுக்கிறாளா? வாய் லேசாகத் திறந்தபடி, கண் அசையாமல், விரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் அந்த விளையாட்டை நான் என் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன், அதற்கு எத்தனை லட்சம் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தாலும்.

காசும் விளம்பரமும்

காசு கொடுத்து வாங்கினால் சுத்தமாக இருக்கும் என்பது முழு உண்மை இல்லை. சின்னக் குழந்தைகள் விளையாடும் 135 செயலிகளை ஆராய்ந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு வடிவில் விளம்பரம் இருந்தது. காசுக்கு விற்கப்படுபவையும் தப்பவில்லை. ஒன்றில் கடைப் பக்கத்திலிருந்து எதுவும் வாங்காமல் வெளியேறினால் விளையாட்டின் பாத்திரமே அழுமாம். அந்த அழுகை வியாபாரம் என்று நாலு வயதுக் குழந்தைக்குத் தெரியாது. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்றுதான் நினைக்கும்.

உங்கள் கார்டு விஷயத்தில் மகளைத் திட்டியிருந்தால், அவளைக் கூப்பிட்டு ‘அது உன் தப்பு இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். இது பெரிய அளவில் நடந்த விஷயம். பெற்றோரின் அனுமதி இல்லாமல் குழந்தைகள் விளையாட்டுக்குள் வாங்கியவற்றுக்காக, ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரும் கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரும் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 2014-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டன. இன்றும் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. செயலியை வாங்கிய கடையின் உங்கள் கணக்கில், வாங்கியவற்றின் பட்டியலுக்குப் போய், ‘குழந்தை தெரியாமல் வாங்கியது’ என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். எவ்வளவு சீக்கிரம் கேட்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பிறகு, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். முடிந்தால் அந்தக் கணக்கிலிருந்து கார்டையே எடுத்துவிடுங்கள்.

லேப்டாப்பில் மகளுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, முகப்பில் இரண்டே இரண்டு படங்கள் மட்டும் தெரியும்படி வையுங்கள். உங்கள் அலுவலகக் கோப்புகளும் தப்பிக்கும். அவள் விளையாடும்போது வைஃபை தேவையில்லை. நிறுத்திவிட்டால் பாதி விளம்பரம் வராது. பெயர் கேட்கும் இடத்தில் உண்மைப் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எதுவும் தர வேண்டாம். எண்களைச் சொல்லித்தருகிற விளையாட்டு மைக்கையும் இருப்பிடத்தையும் எதற்குக் கேட்கிறது? மறுத்துவிடுங்கள்.

மவுஸும் சின்னக் கையும்

மவுஸைப் பிடித்தால் அழுகிறாள் என்றீர்கள். அவள் கையை ஒருமுறை அருகிலிருந்து பாருங்கள். உங்கள் மவுஸ் அவள் உள்ளங்கையைவிடப் பெரியது. அதை நகர்த்த முழங்கையையே நகர்த்துகிறாள். ஒரு மீனை இழுத்துக் கூடையில் போட வேண்டும் என்றால், பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தியபடியே நகர்த்த வேண்டும், சரியான இடத்தில் விட வேண்டும். பாதி வழியில் விரல் லேசாகத் தளர்கிறது. மீன் பழைய இடத்துக்கே ஓடிவிடுகிறது. மூன்றாவது தடவை அப்படி ஆனால் யாருக்குத்தான் அழுகை வராது?

சுட்டியின் வேகத்தைக் குறைத்து வையுங்கள். சிறிய மவுஸ் கிடைத்தால் வாங்குங்கள். இடது பொத்தானில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிவிடுங்கள். இடது கைப்பழக்கம் என்றால் அமைப்பில் பொத்தான்களை மாற்றலாம். கால் தொங்காமல் ஒரு பெட்டியைப் போட்டு, மேசையைவிட முழங்கை கீழே போகாதபடி உட்கார வையுங்கள். முதல் சில வாரங்கள் ஒரு தடவை கிளிக் செய்தால் போதும் என்கிற விளையாட்டுகள் மட்டும் போதும், இழுத்துப் போடுவது அப்புறம். டேப்லெட்டில் விரலால் தொடுவது சுலபம்தான். ஆனால் சுலபம் என்பதாலேயே யோசிக்காமல் தட்டுவதும் சுலபம். மேசையில் நிற்கிற லேப்டாப்புக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து பார்க்கலாம்.

சரி, எவற்றைப் போடலாம்?

பெயர் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு சொல்கிறேன். இரண்டுமே இலவசம், விளம்பரம் இல்லாதவை. நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம்.

டக்ஸ் பெயின்ட், 2002-இலிருந்து இருக்கிற வரையும் மென்பொருள். 3 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்காகச் செய்தது. தூரிகையை எடுத்தால் சத்தம் வரும், முத்திரைகளைக் குத்தலாம், மழையும் வானவில்லும் போடும் மாயக் கருவிகள் உண்டு. தப்பாகிவிட்டால் ஒரு கிளிக்கில் பின்னால் போகலாம். சேமிக்கும்போது கோப்புப் பெயர் கேட்காது. வரைந்த படங்களே குட்டிக் குட்டியாக வரிசையில் நிற்கும், வாசிக்கத் தெரியாத குழந்தை தன் படத்தைத் தானே கண்டுபிடிக்கும். தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். இதில் நட்சத்திரமும் மதிப்பெண்ணும் கிடையாது. அதனாலேயே இதை முதலில் சொல்கிறேன்.

இன்னொன்று ஜிகாம்ப்ரி. ‘எனக்குப் புரிந்துவிட்டது’ என்ற பிரெஞ்சு வாக்கியத்தின் ஒலியிலிருந்து பிறந்த பெயர். 2000-இல் பிரான்ஸ் நாட்டு நிரலாளர் ஒருவர் தொடங்கியது. 2 முதல் 10 வயது வரைக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் பயிற்சிகள் இருக்கின்றன. மவுஸ் பழக்கவே தனிப் பகுதி உண்டு. சுட்டியை நகர்த்த நகர்த்த மூடியிருக்கும் படம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். உங்கள் மகளுக்கு இப்போது தேவையானது அதுதான். ஒரு எச்சரிக்கை: அத்தனையையும் திறந்துவிட்டால் பொம்மைக் கடையில் விட்டமாதிரி ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு ஓடுவாள். ஒவ்வொரு பயிற்சிக்கும் கடினத்தைக் காட்டும் நட்சத்திரக் குறி உண்டு. எளியவற்றில் நான்கைந்தை மட்டும் விருப்பப் பட்டியலில் வைத்து அங்கிருந்தே தொடங்குங்கள்.

டேப்லெட்டில் வேண்டுமென்றால் கான் அகாடமி கிட்ஸ் பார்க்கலாம். 2 முதல் 8 வயதுக்கானது, அதுவும் இலவசம், விளம்பரமில்லை. ஆங்கிலத்தில் பேசும், அதனால் நீங்கள் பக்கத்திலிருந்து வீட்டுப் பேச்சில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். கட்டளைக் கட்டங்களை அடுக்கிக் குழந்தையே கதையும் விளையாட்டும் செய்கிற ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற செயலி 5 முதல் 7 வயதுக்கானது, அவசரப்படாதீர்கள்.

விளையாட்டே இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். வெறும் எழுதும் மென்பொருளைத் திறந்து, எழுத்தின் அளவை 72 ஆக்கி, தமிழ் விசைப்பலகையை வைத்து மகளை உட்கார வையுங்கள். ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் ‘கககககக’ என்று வரி முழுக்க ஓடும். அதைப் பார்த்துச் சிரிக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. சிரிப்பு ஓய்ந்த பிறகு அவள் பெயரின் முதல் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆகலாம். எடுத்துக் கொடுக்காதீர்கள்.

உறவினர் குழந்தை வாசிப்பதைப் பற்றி ஒரே ஒரு விஷயம். நாலு வயதில் வார்த்தைகளைப் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் வார்த்தையின் உருவத்தை மனப்பாடம் செய்ததாக இருக்கும். வாசிப்புக்கு அடித்தளம் ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் காது. ‘அம்மா, அணில், ஆடு... இதுல எது வேற மாதிரி தொடங்குது?’ என்று கேட்டு விளையாடுங்கள். அதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். நாலேகால் வயதில் வாசிக்கத் தெரியாதது பின்தங்கல் ஆகாது.

எவ்வளவு நேரம், எப்படி நிறுத்துவது?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதலின்படி, 3, 4 வயதுக் குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. கூடவே நாள் முழுவதிலுமாக 3 மணி நேரம் ஓடியாட வேண்டும், 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். ‘கல்வி விளையாட்டு அந்த ஒரு மணி நேரக் கணக்கில் வராது அல்லவா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். எண்களைத் தட்டினாலும் கார்ட்டூன் பார்த்தாலும் குழந்தை உட்கார்ந்துதான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் ஒரு மணி நேரம். தூங்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் எந்தத் திரையும் வேண்டாம்.

உங்கள் மனைவியின் கவலையில் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் கணக்காகப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. கிட்டப்பார்வைக்கு அருகிலேயே உற்றுப் பார்க்கும் பழக்கமும், வெளி வெளிச்சத்தில் போதிய நேரம் இல்லாததும் காரணங்களில் முக்கியமானவை. முகத்துக்கு நேரே பிடிக்கும் செல்போனைவிடக் கை நீளத்தில் நிற்கும் லேப்டாப் திரை தேவலை. பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் நேரம் கண்ணுக்குப் பாதுகாப்பு. இரண்டு பேருமாக உட்கார்ந்து, ‘20 நிமிடம் திரை, அதற்கு முன்போ பின்போ வெளியே விளையாட்டு’ என்று பேசி வைத்துக்கொண்டால் இருவர் மனமும் ஆறும். குழந்தைக்கு முன்னால் ஆளுக்கொன்று சொல்லாமல் இருப்பது இன்னும் முக்கியம்.

நிறுத்தும்போது வரும் அழுகைக்கு, ‘இன்னும் ரெண்டு நிமிஷம்தான்’ என்று முன்கூட்டியே சொல்லச் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டதைப் படித்த பிறகு மாற்றிக்கொண்டேன். 1 முதல் 5 வயதுக் குழந்தைகள் உள்ள குடும்பங்களைக் கவனித்ததில், இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்தபோது நிலைமை மோசமானதுதான் மிச்சம். தினமும் ஒரே ஒழுங்கில் நடக்கும்போதும், திரையே தானாக முடிந்துவிடும்போதும் குழந்தைகள் சுலபமாக எழுந்து வந்தார்கள். ஆகவே நிமிடத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள்: ‘இந்தப் படம் முடிஞ்சதும் சேவ் பண்ணிட்டு வெளிய போறோம்.’ சேமிக்கும் கிளிக்கை அவளே செய்யட்டும், லேப்டாப் மூடியை அவளே சாத்தட்டும். டேப்லெட்டைக் கையிலிருந்து பிடுங்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வாரத்தில் பார்ப்பீர்கள். அடுத்து செய்யப்போவது தயாராக இருக்க வேண்டும். செருப்பை முதலிலேயே வாசலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்போது அந்த மீன் விளையாட்டு

நீங்கள் போட்டுக் கொடுத்த அத்தனையிலும் உங்கள் மகள் அதிகம் கற்றது அதில்தான் என்று நினைக்கிறேன். மற்றவற்றில் யாரோ வைத்த மூன்று விடைகளில் ஒன்றைத் தட்டினாள். இதில் இல்லாத ஒரு மீனைத் தானே உண்டாக்கினாள். அதற்கு அத்தை என்று பெயர் வைத்தாள் என்றால், அத்தையிடம் ஏதோ ஒன்று அந்த மீனிடமும் இருப்பதாகக் கண்டிருக்கிறாள். தாத்தா மீனும் அத்தை மீனும் பேசிக்கொள்ள, அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று யோசித்து, இரண்டு பேருக்காகவும் வாக்கியம் அமைத்திருக்கிறாள். வார்த்தை வளம், கதை கட்டுவது, இன்னொருவர் மனதில் என்ன ஓடும் என்று ஊகிப்பது எல்லாம் அதற்குள் இருக்கிறது. நாளை பள்ளியில் அவள் வாசிக்கவும் எழுதவும் போவது இதன் மேல்தான். நீங்கள் தேடியது திரையில் பாடமாகத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்ததால், அது அவள் வாயில் இருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள்.

மற்ற விளையாட்டுகளில் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பாக்கியை எடுத்துவிடுங்கள். மீன் விளையாட்டு உங்கள் கணக்கில், முன்பு நிறுவியவற்றின் பட்டியலில் இருக்கும். திரும்பப் போட்டுவிடலாம். ஆனால் முன்பு அவள் வரைந்த மீன்கள் அழிந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. விளையாட்டைத் திறப்பதற்கு முன்பே அதை அவளிடம் சொல்லிவிடுங்கள். ‘நான் தெரியாம எடுத்துட்டேன், அத்தை மீனும் தாத்தா மீனும் இப்ப இல்ல, வா நாம ரெண்டு பேரும் மறுபடி வரையலாம்’ என்று சொல்லுங்கள். முதல் மீனை வரையும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள்.